வேலைவாய்ப்பு முகாம் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் விருதுநகர் மாவட்டம். பி.காம். முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். போன முறை நடந்த தனியார் துறை வேலைவாய்ப்பு முகாமில் எட்டு மேசைகளில் பயோடேட்டா கொடுத்தேன். ஒரு போன்கூட வரவில்லை. அடுத்த முகாமுக்கு என்ன உடை போட வேண்டும்? ஆங்கிலத்தில் சுய அறிமுகத்தை மனப்பாடம் செய்யலாமா? எத்தனை பிரதி எடுத்துப் போக வேண்டும்? தனியாரில் சேர்ந்தால் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு போய்விடும் என்று அப்பா வேறு பயப்படுகிறார்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

துவைத்துத் தேய்த்த சட்டை போதும். பயோடேட்டா பதினைந்து பிரதி எடுங்கள், கூடவே சான்றிதழ் நகல், ஆதார், பாஸ்போர்ட் சைஸ் படம். மனப்பாடம் வேண்டவே வேண்டாம், காலையிலிருந்து அதே பாட்டைக் கேட்டு மேசைக்குப் பின்னால் இருப்பவர் நொந்துபோயிருப்பார். எந்த ஊர், என்ன படிப்பு, டேலி கணக்கு சாஃப்ட்வேர் தெரியுமா, எப்போது சேர முடியும், இந்த நாலும் தடுமாறாமல் வந்தால் சரி.

ஆனால் எட்டு மேசை என்கிறீர்களே, எட்டில் ஒரு கம்பெனியின் பெயர்கூடக் கடிதத்தில் இல்லையே தம்பி? என்ன வேலை, எந்த ஊர், என்ன சம்பளம், ஒன்றும் இல்லை. கல்யாண வீட்டில் மொய் எழுதுவதுபோல வரிசையில் நின்று கொடுத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது. பக்கத்து வீட்டுப் பையன் ஒரகடத்தில் ஒரு பெரிய கம்பெனியில் சேர்ந்ததாகத் தெருவே பேசிக்கொண்டிருந்தது. போன வாரம் ஊருக்கு வந்தவனின் அடையாள அட்டையைப் பார்த்தால் யாரோ ஒரு ஒப்பந்ததாரர் பெயர். அவனுக்கே சேர்ந்த பிறகுதான் தெரியுமாம். அதிலிருந்து இதையே நினைத்துக்கொண்டிருந்தேன், உங்கள் கடிதம் வந்தது.

எழுத வருவதற்கு முன் நான் ஒரு நூற்பாலையில் ஆள் எடுக்கும் பிரிவில் குமாஸ்தா. முகாம்களில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். வாங்கிய பயோடேட்டாவின் வலது மூலையில் எங்கள் அதிகாரி பென்சிலால் ஒரு டிக் போடுவார், அல்லது போடமாட்டார். டிக் இல்லாதவை ரப்பர் பேண்ட் போட்டு ஓர் அட்டைப் பெட்டிக்குப் போகும், அதை அப்புறம் யாரும் திறப்பதில்லை. ஒருநாள் ஒரு பெண் வந்தாள், பத்தொன்பது இருபது வயதிருக்கும், பின்னால் மஞ்சள் பையோடு அவள் அம்மா. உட்கார்ந்ததும் அவள்தான் கேட்க ஆரம்பித்தாள். "ஹாஸ்டல்ல ஒரு ரூமுக்கு எத்தனை பேர் சார்? நைட் ஷிப்ட் வாரம் மாறுமா, மாசம் மாறுமா? நடுவுல வீட்டுக்குப் போகணும்னா யார்கிட்ட லீவு கேக்கணும்?" அதிகாரிக்குப் பதில் தெரியவில்லை, என்னைப் பார்த்தார். நான் சொல்லச் சொல்ல, எங்கள் நோட்டீஸின் பின்பக்கத்திலேயே எழுதிக்கொண்டாள். "அம்மாகிட்ட பேசிட்டு வர்றேன்" என்று எழுந்து பக்கத்து மேசைக்குப் போய் அங்கேயும் அதே கேள்விகள். "என்ன திமிர் பாருய்யா" என்றார் அதிகாரி. ஆனால் மூலையில் டிக் போட்டார்! மதியத்துக்குள் அவளுக்குப் பின்னால் நின்ற பெண்களும் ரூமுக்கு எத்தனை பேர் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

நீங்கள் கேட்க வேண்டியது முதலில், யார் பேரோல், அதாவது யாருடைய சம்பளப் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கும்? நோட்டீஸில் இருக்கும் கம்பெனியா, அதற்கு ஆள் அனுப்பும் ஏஜென்சியா? அடுத்து, நிரந்தரமா, டிரெய்னியா, அப்ரென்டிஸா? 1961-ஆம் ஆண்டின் அப்ரென்டிஸ் சட்டப்படி அப்ரென்டிஸ் பயிற்சி பெறுபவர்தான், தொழிலாளி இல்லை. கையில் வருவது உதவித்தொகை. அப்புறம் சம்பளம். 18,000 என்று போட்டிருந்தால் அது சிடிசியா, அதாவது உங்களுக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவா, கையில் வருவதா? சிடிசி என்றால் கம்பெனி கட்டும் பிஎஃப் (சேமநிதி) 12 சதவீதமும் இஎஸ்ஐ (மருத்துவக் காப்பீடு) 3.25 சதவீதமும் பெரும்பாலும் அந்த 18,000-க்குள்ளேயே இருக்கும், உங்கள் பங்கு 12-ம் 0.75-ம் வேறு தனியாகப் பிடிப்பார்கள், அதற்கு மேல் கேன்டீன், பஸ். இதையெல்லாம் கேட்டால் வேலை தரமாட்டார்கள் என்று உங்களுக்கு யார் சொன்னது? பதில் சொல்ல முடியாமல் முகம் சுளிக்கிற இடத்தில் சேர்ந்துதான் என்ன செய்யப் போகிறீர்கள்?

மேடையில் பணி நியமன ஆணை கொடுத்து போட்டோ எடுப்பார்கள். சந்தோஷமாக நில்லுங்கள். கீழே இறங்கியதும் யார் கையெழுத்து, எந்த நிறுவனத்தின் முத்திரை என்று படித்துவிடுங்கள். முகாமுக்கு அனுமதி இலவசம், எவனாவது டெபாசிட், யூனிஃபார்ம் காசு என்று ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

அப்பா விஷயம். தனியாரில் சேர்ந்தால் பதிவு ரத்து ஆகாது. முகாம் அறிவிப்புகளில் கடைசி வரியாக அதையே போடுவார்கள், காட்டுங்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்காமல் விட்டால்தான் சிக்கல். உங்கள் அட்டையில் என்ன தேதி போட்டிருக்கிறது என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.