கையால் ஓடுகிறது, கிரானில் ஓடவில்லை: பதில்

வணக்கம் சார். ராணிப்பேட்டை தோல் கம்பெனியின் கணக்குக் கோப்புகளை இரவு 2 மணிக்கு பேக்கப் எடுக்கும் கட்டளை டெர்மினலில் கையால் அடித்தால் ஓடுகிறது, கிரான்டேபில் (லினக்ஸில் குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரான் நிரலின் பட்டியல்) போட்டால் ஓடவில்லை என்கிறீர்கள். கோப்புப் பெயரில் தேதி வர சதவீதக் குறி (%) போட்டிருக்கிறீர்களே, வில்லங்கம் அங்கேதான். கிரான்டேப் அதை வரி முடிவாக எடுத்துக்கொள்ளும். முதல் குறிக்குப் பின்னால் இருப்பதெல்லாம் கட்டளையிலிருந்து கழன்று உள்ளீடாகப் போய்விடும். ஒவ்வொரு குறிக்கும் முன்னால் ஒரு பேக்ஸ்லாஷ் (\) போடுங்கள். இல்லையென்றால் எல்லாவற்றையும் தனி ஸ்கிரிப்ட் கோப்பில் வைத்து அதை மட்டும் அழையுங்கள். எனக்கு இதுதான் பிடிக்கும். பாதைகளை முழுதாக எழுதுங்கள்.

அப்புறம், ராத்திரி மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகிற ஆபீஸா? அப்படியென்றால் 2 மணிக்கு எதுவுமே ஓடாது. அனாக்ரான் என்ற நிரலுக்கு மாற்றுங்கள், காலையில் கணினியைப் போட்டதும் விட்டுப்போன வேலையை அது எடுத்துச் செய்யும்.