ஐ.நா. காலநிலை மாநாட்டுக்குப் போகும் இளைஞருக்கு உள்ளே என்ன வேலை இருக்கும்?

திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர் 2021-இல் கிளாஸ்கோவில் நடந்த இந்த மாநாட்டில் பேசியதைப் பார்த்துவிட்டு, போகிறவர்களுக்கெல்லாம் மேடை கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். சூரிய ஒளியில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்து எர்த்ஷாட் என்ற சுற்றுச்சூழல் பரிசின் இறுதிச் சுற்றுவரை வந்தவர் அவர்.

மற்ற இளைஞர்கள் பெரும்பாலும் பார்வையாளர்கள்தான். பேச்சுவார்த்தை நடக்கும் நீல வளாகத்துக்குத் தனி ஆளாக விண்ணப்பிக்க முடியாது. அங்கீகாரம் பெற்ற அமைப்பு ஒன்று பெயர் கொடுத்தால்தான் அடையாள அட்டை. உள்ளே திரையில் நாடுகள் பேசி முடிக்க வேண்டிய உடன்பாட்டின் வரைவு ஓடும். உடன்பாடு ஆகாத சொற்களெல்லாம் சதுர அடைப்புக்குறிக்குள் கிடக்கும். ஒரு வரிக்காக நாடுகளின் பிரதிநிதிகள் மணிக்கணக்கில் இழுப்பார்கள். சில கூட்டங்களில் பார்வையாளருக்கு அனுமதியே இல்லை. அப்புறம் என்ன, வராந்தாவில் காத்திருந்து பிரதிநிதிகளைப் பிடிக்க வேண்டியதுதான். உருப்படியான பேச்சு பாதி அங்கேதான் நடக்கிறது என்பேன். புதிதாகப் போகிறவர்கள் 'யங்கோ' என்ற இளைஞர் கூட்டணியோடு முன்கூட்டியே சேர்ந்துகொள்வது நல்லது.