விடுமுறைக்குத் தோதாகக் கவாத்து செய்யாதீர்கள்

கேள்வி: நான் கற்சிற்பி. மலேசியாவில் ஒரு கோயில் வேலையில் இருக்கிறேன். ஊர் கம்பம் பக்கம், ஒன்றரை ஏக்கரில் பன்னீர் திராட்சைப் பந்தல். அக்டோபரில் ஒரு மாத விடுமுறையில் வந்து, நானே நின்று கிளைகளை வெட்டிக் கவாத்து செய்துவிட்டுத் திரும்பினேன். இப்போது இலையின் மேலே எண்ணெய் பட்டதுபோல் மஞ்சள் புள்ளி, அடியில் வெள்ளைப் பூச்சு, கொத்துகள் பழுப்பாகிக் கருகுகின்றன என்று மனைவி சொல்கிறாள். மைத்துனர் கடையில் படத்தைக் காட்டி, நான்கு மருந்தைக் கலந்து அடித்தார். நிற்கவில்லை. உடனே மறுபடி வெட்டிவிட்டால் அடுத்த காய்ப்பைப் பிடிக்கலாம் என்கிறார் கடைக்காரர். வெட்டலாமா? எந்த மருந்து நல்லது?

பதில்: வெட்டாதீர்கள். இன்றைக்கே வீட்டுக்குப் போன் செய்து இதை முதலில் சொல்லிவிடுங்கள், மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

நீங்கள் சொல்வது அடிச்சாம்பல் நோய். கருகிய கொத்தை எந்த மருந்தும் மீட்காது. மிச்சத்தைக் காப்பாற்ற, மெட்டலாக்சில், மான்கோசெப் இரண்டும் சேர்ந்து வரும் மருந்தை லிட்டருக்கு 2 கிராம் கலந்து, மழை விட்ட நேரத்தில், இலையின் அடிப்பக்கம் நனையும்படி ஒரு முறை அடிக்கச் சொல்லுங்கள். மைத்துனர் அடித்த நான்கில் இது ஏற்கெனவே இருந்ததா என்று டப்பாக்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் திரும்ப வேண்டாம். ஒரே மருந்தை அடுத்தடுத்து அடித்தால் நோய்க்கு அது பழகிப்போகும். கருகிய கொத்துகளையும் உதிர்ந்த இலைகளையும் பொறுக்கி எரித்துவிட வேண்டும். பந்தலுக்கு அடியில் விட்டால் அடுத்த மழையில் அங்கிருந்தே நோய் கிளம்பும்.

ஏன் வெட்டக் கூடாது? இந்தக் காய்ப்பு போனாலும், மிஞ்சிய பச்சை இலைகள்தான் அடுத்த காய்ப்புக்கான மாவுச்சத்தைக் கிளையிலும் வேரிலும் சேர்க்கின்றன. வெயில் பட்டு முதிரும் கிளையில்தான் மொட்டுக்குள் பூங்கொத்து உருவாகும். பச்சைக் கிளையை வெட்டினால் தளிர் வரும், கொத்து வராது. கிளை பழுப்பேறி, பென்சில் கனத்துக்கு வந்த பிறகே காய்ப்புக் கவாத்து. பன்னீருக்கு நாலைந்து மொட்டு விட்டு வெட்டுங்கள். மெலிந்த கிளையில் ஒன்றிரண்டு மொட்டு போதும்.

இதையெல்லாம் அறிந்துதான் கடைக்காரர் வெட்டச் சொல்கிறாரா? புதுத் தளிர் வந்தால் புது மருந்து விற்கும், அவ்வளவுதான் கணக்கு. கொடியைப் பார்க்காமல் போன் படத்தைப் பார்த்து நான்கு டப்பா எடுத்துக் கொடுப்பவரிடம் இனி யோசனை கேட்காதீர்கள். அந்தக் கலவையில் எது எதோடு சேரும் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

சரி, நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். கவாத்து தேதியை யார் முடிவு செய்தது? விமான டிக்கெட். அக்டோபரில் வெட்டினால் வடகிழக்குப் பருவமழையில்தான் தளிரும் பூவும் வரும். இலை நனைந்தே கிடந்தால் அடிச்சாம்பலுக்கு அதைவிட என்ன வேண்டும்? டிசம்பர், ஜனவரியில் வெட்டினால் ஏப்ரல், மே அறுவடை. மே, ஜூனில் வெட்டினால் ஆகஸ்ட், செப்டம்பர். பாதி செதுக்கிய கல் நீங்கள் திரும்பி வரும்வரை அப்படியே கிடக்கும். கொடி கிடக்காது. இந்தத் தடவை கிளை முதிர ஜனவரி தாண்டினாலும் பொறுங்கள், அவசரப்பட வேண்டாம்.

போர்டோக் கலவையைப் பற்றிச் சொல்லாமல் விடமாட்டேன். 1880களில் பிரான்சின் போர்டோ பகுதியில் இதே நோய்க்காக, இதே திராட்சைக் கொடியில் கண்டறிந்த மருந்து அது. கடையில் அதை எடுத்துக் காட்ட மாட்டார்கள், லாபம் கிடையாது. 1 கிலோ மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) 50 லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். 1 கிலோ சுட்ட சுண்ணாம்பை இன்னொரு 50 லிட்டரில் நீர்த்துக் கரைத்து வடிகட்டுங்கள். துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்க வேண்டும், மாற்றி ஊற்றக் கூடாது. பிளாஸ்டிக் டிரம்தான், இரும்புப் பாத்திரம் கூடவே கூடாது. துலக்கிய அரிவாள் நுனியைச் சற்று நேரம் முக்கி எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் சேருங்கள். அன்றைக்குக் கலக்கியதை அன்றைக்கே அடித்து முடிக்க வேண்டும். வேறு எந்த மருந்தோடும் சேர்க்க வேண்டாம். இளந்தளிருக்குத் துத்தமும் சுண்ணாம்பும் பாதி அளவு போதும். பூக்கும்போதும், பழத்தில் நிறம் ஏறிய பிறகும் தொடாதீர்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: இது வருமுன் காப்பது. நோய் உள்ளே இறங்கிய பிறகு அடித்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

இதை யார் கலப்பது? உங்கள் மனைவிதான். மேலே மஞ்சள், அடியில் வெள்ளை என்று இலையைத் திருப்பிப் பார்த்தவர் அவர். கடைக்குப் போன மைத்துனர் அதைப் பார்க்கவில்லை, மலேசியாவில் இருக்கும் உங்களாலும் பார்க்க முடியாது. பந்தலுக்குக் கீழே தினமும் நடப்பவர் கையில் கவாத்து தேதியையும் மருந்துச் செலவையும் கொடுங்கள். நீங்கள் ஊரில் இருக்கும் மாதத்தில் கல் கால்களைச் சரிபாருங்கள், கம்பியை இழுத்துக் கட்டுங்கள், எரு போடுங்கள். விசைத்தெளிப்பானை மட்டும் தூக்காதீர்கள். வருடக்கணக்காகக் கல்தூசியில் இருக்கிற நுரையீரல் அது. மூக்கில் துண்டு கட்டுவது கல்தூசிக்கும் போதாது, மருந்துக்கும் போதாது. மார்பு எக்ஸ்ரே எடுத்து நாளாகியிருந்தால் அடுத்த விடுமுறையின் முதல் வாரத்திலேயே எடுத்துவிடுங்கள்.

உங்கள் தேனி மாவட்டத்திலேயே, ஆனைமலையன்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நோய் பட்ட இலை, கருகிய கொத்து, ஒரு துண்டுக் கிளை மூன்றையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே உங்கள் மனைவி அங்கே போகட்டும். கிளை முதிர இன்னும் எத்தனை நாள் ஆகும் என்று கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். டிக்கெட் தேதியை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.