யாகுசா காதல் மாங்காக்களை விரும்பிப் படிப்பது குற்றத்தைக் கொண்டாடுவதாகாதா?

ஜப்பானின் குற்றக் கும்பல்களான யாகுசாவை மையமாகக் கொண்ட இருண்ட காதல் மாங்காக்களை, அதாவது ஜப்பானிய சித்திரக் கதைகளை, விரும்பிப் படிப்பது குற்றத்தைக் கொண்டாடுவதாகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படிக் கொண்டாடுபவை நிறைய உண்டு என்பதை நான் மறுக்க மாட்டேன். பெண்ணைக் கடத்திச் சென்று அடைத்து வைப்பவன் இருபதே பக்கங்களில் உத்தமனாகிவிடுவான். அவளும் அழுது ஓய்ந்ததும் அவனையே நேசிக்கத் தொடங்குவாள். அத்தகைய தொடர்களைப் பாதியிலேயே மூடி வைத்திருக்கிறேன். ஆயினும் எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது என்று எனக்கு உணர்த்தியது, அசுகா கொனிஷி 2017 முதல் கோடான்ஷா நிறுவனத்தின் 'ஆஃப்டர்நூன்' மாத இதழில் எழுதி வரைந்துவரும் 'ராய்செ வா தானின் கா ஈ' என்ற தொடர். இது 2024 அக்டோபரில் அனிமே என்னும் ஜப்பானிய அசைவூட்டத் தொடராகவும் வந்தது. எனினும் மாங்காவையே முதலில் படிக்கச் சொல்வேன்.

மறுபிறவியில் அந்நியராக இருப்பதே மேல் என்பது அத்தலைப்பின் பொருள். ஏழு பிறவிக்கும் சேர்ந்திருக்க வேண்டும் என்று காதலைப் பேசிப் பழகிய நம்மை அந்தத் தலைப்பே திடுக்கிட வைக்கும்.

யோஷினோ ஒசாகாவின் யாகுசா தலைவர் ஒருவரின் பேத்தி. கிரிஷிமா டோக்கியோவின் யாகுசா தலைவர் ஒருவரின் பேரன். பள்ளிப் பருவத்திலிருக்கும் இவ்விருவருக்கும் தாத்தாக்கள் பேசி முடித்த சம்பந்தத்துக்காக, அவள் டோக்கியோ சென்று அவன் வீட்டில் தங்குகிறாள். முதலில் இனிமையாகப் பழகும் அவன், இவள் மிகச் சாதாரணமான பெண் என்று சலித்துப்போய், உடலை விற்றாவது தனக்குப் பணம் ஈட்டித் தா என்ற பொருள்பட இழிவாகப் பேசுகிறான். அவள் கெஞ்சவில்லை. தன் சிறுநீரகம் ஒன்றை விற்று, 40 லட்சம் யென்னை அவன்முன் வீசுகிறாள். உறுப்பு விற்பனையை ஜப்பானின் 1997-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டம் தடைசெய்கிறது. ஆக, அவன் உலகத்தின் சட்டவிரோத வழியிலேயே சென்று அவனுக்கு விடை சொல்லியிருக்கிறாள். அந்தக் கணத்திலிருந்துதான் அவன் அவள்மீது பித்தாகிறான். அந்தப் பித்தை ஆசிரியர் தூய காதல் என்று நம்மிடம் நீட்டுவதில்லை என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவன் புன்னகைக்கும் பக்கங்களில்கூட அச்சம் விலகுவதில்லை. அவளும் அவனை எளிதில் நம்பிவிடுவதில்லை.

உண்மையான யாகுசா அமைப்பில் தலைமை பெரும்பாலும் ரத்த வழியில் வருவதில்லை. சாகே என்னும் அரிசி மதுக் கோப்பையைப் பகிர்ந்து தலைவரைத் தந்தையாக ஏற்கும் சடங்கின் வழியே உருவாகும் உறவுதான் அங்கே குடும்பம். அந்தக் கோப்பையைத் தொடாமலேயே, பிறப்பு ஒன்றினாலேயே அதன் நிழலைச் சுமப்பவள் யோஷினோ என்று எண்ணிப் படிக்கும்போது அவளுடைய பிடிவாதம் வேறு விதமாகப் புரிகிறது.

மாங்காவில் வரும் விசாலமான வீடுகளையும் வரிசையாக நின்று தலைவணங்கும் ஆட்களையும் பார்த்து, இதுவே இன்றைய நிலை என்று எண்ணிவிடவும் கூடாது. 1963 வாக்கில் சுமார் 1,84,000 ஆக இருந்த யாகுசா எண்ணிக்கை, 2024 இறுதியில் சுமார் 18,800 ஆகக் குறைந்துவிட்டதாக ஜப்பானியக் காவல்துறையின் கணக்கு சொல்கிறது. 1992-இல் நடைமுறைக்கு வந்த, யாகுசாவுக்கு எதிரான தனிச் சட்டமும், அவர்களோடு வணிக உறவு கொள்வதைத் தடுக்க 2011-க்குள் எல்லா மாகாணங்களிலும் அமலான விலக்கல் ஆணைகளும் அவர்களை வங்கிக் கணக்கு தொடங்கவோ வீடு வாடகைக்கு எடுக்கவோ முடியாத நிலைக்குத் தள்ளியிருக்கின்றன. இன்று அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள். காதல் கதைகளில் மட்டுமே அவர்கள் இன்னும் இளமையாக, அழகாக, செல்வத்தோடு இருக்கிறார்கள். அந்த இடைவெளியை மறக்காமல் படிப்பவரை இக்கதைகள் ஏமாற்றுவதில்லை.

யோஷினோவின் ஒசாகா வட்டார வழக்கு அவளுடைய துணிச்சலில் பாதி. மொழிபெயர்ப்பில் அது மங்கிவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம். தொடக்க அத்தியாயங்களிலேயே பாலியல் ரீதியான மிரட்டல் வருவதால், பள்ளிப் பிள்ளைகளின் கையில் இதைக் கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.