புரதத்தை அடியோடு நிறுத்திவிடலாமா?

கேள்வி: என் மகளுக்கு 4 வயது. பால், பருப்பு, முட்டை எதையும் தொடமாட்டாள். காய்ச்சல் வந்தால் வாந்தி எடுத்து, தூக்கக் கலக்கமாகவே கிடப்பாள். இப்போது ரத்தத்தில் அம்மோனியா கூடியிருக்கிறது, ஓ.டி.சி. குறைபாடு என்கிறார்கள். இவளுக்கு முன் பிறந்த ஆண் குழந்தை நான்காம் நாளில் இறந்துவிட்டது. ரத்தத்தில் கிருமி என்றார்கள். புரதத்தை முழுவதும் நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தக் கூடாது, அம்மா. உணவுப் புரதம் செரித்தபின் மிஞ்சும் நைட்ரஜன் அம்மோனியாவாகிறது. அதைக் கல்லீரல் யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் அனுப்புகிறது. அந்த மாற்றத்துக்கான நொதிகளில் ஒன்றான ஓ.டி.சி. (ஆர்னிதின் டிரான்ஸ்கார்பமைலேஸ்) உங்கள் மகளுக்குக் குறைவாக இருப்பதால் அம்மோனியா தேங்கி மூளையைப் பாதிக்கிறது. அவள் பருப்பை ஒதுக்கியது அடம் அல்ல. இக்குறைபாடு உள்ள பல குழந்தைகள் தாமாகவே புரதத்தைத் தவிர்க்கிறார்கள். ஆனால் தேவைக்கும் கீழே புரதம் குறைந்தால் உடல் தன் தசையையே கரைக்கும், அதிலிருந்தும் அம்மோனியா வரும். ஆகவே வயதுக்கும் எடைக்கும் ஏற்ற அளவை உணவியல் வல்லுநர் கணக்கிட்டுத் தர வேண்டும். அந்தக் கணக்கில் சோற்றையும் சேருங்கள். 100 கிராம் சோற்றில் ஏறத்தாழ இரண்டரை கிராம் புரதம் உண்டு.

உண்மையான ஆபத்து காய்ச்சல், வாந்தி, பட்டினி நாட்களில்தான் இருக்கிறது. அப்போது மருத்துவர் எழுதித் தந்த முறைப்படி, ஒன்றிரண்டு நாட்களுக்கு மட்டும் புரதத்தை நிறுத்தி, குளுக்கோஸ் கலந்த பானத்தை இடைவிடாது கொடுக்க வேண்டும். வாந்தி நிற்காவிட்டாலோ, குழந்தை சோர்ந்து உளறினாலோ, இரவென்றும் பாராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அம்மோனியா முடிவு வரும்வரை காத்திராமல் குளுக்கோஸ் டிரிப் தொடங்க வேண்டும் என்று எழுதிய அவசரக் கடிதம் எப்போதும் உங்கள் கையில் இருக்கட்டும். வலிப்புக்குத் தரப்படும் வால்புரோயேட் இவளுக்கு ஆகாது என்பதும் அதில் இருக்க வேண்டும். அம்மோனியாவுக்கு எடுத்த ரத்தத்தைப் பனிக்கட்டியில் வைத்து உடனே ஆய்வகத்தில் சேர்க்காவிட்டால் அளவு பொய்யாகக் கூடிக் காட்டும்.

நைட்ரஜனை வேறு வழியில் சிறுநீருடன் வெளியேற்றும் சோடியம் பென்சோயேட் போன்ற மருந்துகளையும் சிட்ருலின் என்னும் அமினோ அமிலத்தையும், குழந்தை நன்றாக இருக்கிறாள் என்று எண்ணி நீங்களாகக் குறைக்காதீர்கள். கல்லீரல் மாற்று சிகிச்சை இக்குறைபாட்டை நீக்கும், ஆனால் மூளைக்கு முன்பே நேர்ந்த பாதிப்பை மீட்காது. அடிக்கடி அம்மோனியா ஏறினால் அந்தச் சிகிச்சையைப் பற்றி மருத்துவரிடம் தாமதிக்காமல் பேசுங்கள்.

இந்த நொதிக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு அந்தக் குரோமோசோம் ஒன்றே என்பதால் பெரும்பாலும் பிறந்த சில நாட்களிலேயே நோய் கடுமையாகிவிடும். கிருமித் தொற்றைப் போலவே தோன்றும். உங்கள் மகன் இறந்ததற்கும் இதுவே காரணமாக இருந்திருக்கலாம். எனவே நீங்களும் மரபணுச் சோதனை செய்துகொள்ளுங்கள். அந்த மரபணுவில் மாற்றம் உங்களிடம் இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் அது குழந்தைக்குச் செல்லும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. பிரசவத்துக்குப் பிந்தைய நாட்களில் உங்களுக்கே அம்மோனியா ஏறவும் கூடும் என்பதால், அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே மரபியல் மருத்துவரைப் பாருங்கள்.