மேல்மாடிக்கு இரும்புச் சட்டம்: எடை குறைவது இரும்பால் அல்ல, சுவரால்

கேள்வி: சென்னை மடிப்பாக்கத்தில் 2003-ல் கட்டிய தரைத்தள வீடு, 900 சதுர அடி, பில்லர் வைத்த கட்டடம். மகளுக்காக மேலே ஒரு தளம் எழுப்ப நினைக்கிறோம். செங்கல், கான்கிரீட் வேண்டாம், ஸ்டீல் ஃபிரேமில் கட்டினால் எடையே இருக்காது, அஸ்திவாரத்தைப் பார்க்கவே தேவையில்லை, 45 நாளில் முடித்துத் தருகிறேன் என்கிறார் கான்ட்ராக்டர். நம்பலாமா? துருப்பிடிக்காதா?

பதில்: உங்கள் வீட்டுக்கு ஸ்டீல் ஃபிரேம் பொருத்தமான யோசனைதான். ஆனால் அஸ்திவாரத்தைப் பார்க்காமல் வேலை தொடங்குகிறவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

எடை எங்கே குறைகிறது என்று பாருங்கள். 10 அடி உயரமுள்ள 9 அங்குலச் செங்கல் சுவர், பூச்சோடு சேர்த்து, ஓர் அடி நீளத்துக்குச் சுமார் 450 கிலோ. நாலரை அங்குலச் சுவர் 250 கிலோ. ஏ.ஏ.சி. பிளாக்கில் (காற்றுக்குமிழி நிறைந்த எடை குறைந்த கான்கிரீட் கல்) 6 அங்குலச் சுவர் 130 கிலோ. மெல்லிய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு) சட்டம் நிறுத்தி, இரண்டு பக்கமும் ஃபைபர் சிமெண்ட் போர்டு அடித்து, நடுவில் ராக்வூல் என்ற பஞ்சு போன்ற கல்நார்க்கம்பளி அல்லாத பாறை இழை வைத்த சுவர் 40 கிலோதான். உங்கள் வீட்டளவுக்கு வெளிச்சுவர் 120 அடி, உள்சுவர் 65 அடி என்று வைத்தால், கதவு ஜன்னல் போகச் செங்கலில் 60 டன் அளவுக்கு வரும். போர்டு சுவரில் 7 டன்னுக்குள் முடியும். லாபம் முழுவதும் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

பாதி வேலையில் வீட்டில் யாராவது சுவரைத் தட்டிப் பார்த்து, "உள்ளே காலியாக இருக்கிற மாதிரி கேட்கிறதே" என்பார்கள். கான்ட்ராக்டரும் சரி, செங்கல்லே வைத்துவிடலாம் என்று தலையாட்டுவார். அங்கேயே மொத்தக் கணக்கும் போயிற்று. போதாததற்கு, காற்றில் இரும்புச் சட்டம் அசைகிற அளவுக்குச் செங்கல் அசையாது. இரண்டும் சேரும் இடமெல்லாம் விரிசல் விடும். போர்டு சுவரோடு வாழ மனமில்லை என்றால் இந்த முறையையே விட்டுவிடுங்கள்.

இப்போதைய மொட்டை மாடிதான் புது வீட்டின் தரை. ஆட்கள் போய்வரும் மாடிக்கு ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தரநிலை வைக்கும் சுமை சதுர மீட்டருக்கு 150 கிலோ. குடியிருக்கும் அறைக்கு 200 கிலோ. குறையும் 50 கிலோவை ஈடுகட்ட, வெயில், மழைக் காப்புக்காக மேலே போட்ட வெதரிங் கோர்ஸையும் தட்டோட்டையும் முழுதாகப் பெயர்த்து எடுக்க வேண்டும். 4 அங்குலச் சுண்ணாம்பு ஜல்லி இருந்தால் சதுர மீட்டருக்கு 150 கிலோவுக்குமேல் இறங்கும். அதன் மேலேயே டைல்ஸ் ஒட்டுகிறேன் என்பவரை அனுமதிக்காதீர்கள்.

பாத்ரூமில் மட்டும் இந்தக் கணக்கு தவறிவிடும். கழிவுக்குழாய் போவதற்காகப் பழைய தளத்தைப் பள்ளமாக்க முடியாதல்லவா? அதனால் தரையை ஓர் அடி உயர்த்தி, செங்கல் ஜல்லியையும் இடிபாட்டையும் கொட்டிக் குழாயைப் புதைப்பார்கள். அந்த நிரப்பு மட்டும் சதுர மீட்டருக்கு 450 கிலோ. அறைக்குரிய சுமையைவிட இரு மடங்குக்கு மேல். ஒரு கசிவு வந்தால் அத்தனையும் நீர் குடித்து, ஜி.ஐ. சட்டத்தின் அடிப்பட்டையை வருடக்கணக்கில் ஈரத்திலேயே வைத்திருக்கும். செய்ய வேண்டியது இதுதான்: பாத்ரூமைக் கீழ்வீட்டு பீமை ஒட்டி, வெளிச்சுவர் ஓரம் வையுங்கள். சுவரில் தொங்கும் வகை கம்மோடு போட்டால் கழிவுக்குழாய் நேராக வெளியே போய்விடும். தரை 4, 5 அங்குலம் உயர்ந்தால் போதும்; அதையும் ஏ.ஏ.சி. துண்டுகளால் நிரப்புங்கள். சுற்றிலும் 6 அங்குலக் கான்கிரீட் திட்டு கட்டி அதன் மேல்தான் சட்டம் நிற்க வேண்டும். நீர்க்காப்புப் பூச்சு சுவரில் ஓர் அடி ஏற வேண்டும். உள்பக்கம் ஜிப்சம் போர்டு கூடாது, சிமெண்ட் போர்டுதான்.

மாடியில் பில்லர் கம்பி நீட்டியிருக்கிறது, மேல்தளத்துக்கு அன்றே கணக்குப் போட்டுவிட்டார்கள் என்று பலர் நம்புகிறார்கள். கம்பி நீட்டிவிடுவது மேஸ்திரி வழக்கம். அதை வைத்து அஸ்திவாரத்தின் பலத்தைச் சொல்ல முடியாது. இரண்டு பில்லர் ஓரமாவது தோண்டி ஃபுட்டிங்கின் (பில்லருக்கு அடியிலுள்ள கான்கிரீட் பாதம்) அகலம், ஆழம், மண் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பில்லர் கான்கிரீட்டின் பலத்தைச் சோதிக்க வேண்டும். புது இரும்புத் தூண் பழைய பில்லரின் தலைமேல்தான் இறங்க வேண்டும், வெறும் தளத்தின் மேல் அல்ல.

எடை குறைந்த வீட்டைக் காற்று தூக்கப் பார்க்கும். சென்னைக்கு வடிவமைப்புக் காற்றின் அடிப்படை வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அது கொடுக்கும் அழுத்தம் சதுர அடிக்கு 14 கிலோ அளவில். ஷீட் கூரையின் எடை சதுர அடிக்கு ஒன்றிரண்டு கிலோதான். ஆகவே தூணைக் கீழே பிடித்திருக்கும் ஆங்கர் போல்ட்டுதான் கூரைக்கும் உயிர். எண்ணிக்கையும் அளவும் இன்ஜினியர் கணக்குப்படி. 16 மி.மீ. கெமிக்கல் ஆங்கர் (துளையில் பசை மருந்து ஊற்றி ஒட்டும் போல்ட்டு) என்றால் 18 மி.மீ. துளை, 125 மி.மீ. ஆழம் வழக்கம். துளையை ஊதி, பிரஷ் போட்டு, மறுபடி ஊதிய பிறகே மருந்து. தூசியோடு ஊற்றினால் பிடிக்காது. அந்த வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள்.

துரு: சுவர்ச் சட்டத்துக்கு சதுர மீட்டருக்கு 275 கிராம் துத்தநாகப் பூச்சுள்ள தகடு கேளுங்கள். அதை வெல்டிங் வைக்கக் கூடாது, ஸ்க்ரூதான். வெல்டிங் சூட்டில் பூச்சு எரிந்துபோகும், துரு அங்கிருந்துதான் தொடங்கும். பெரிய தூண்களைத் துரு நீங்கச் சுரண்டி, துத்தநாக எபாக்ஸி பிரைமர் அடிக்க வேண்டும். துருவின் மேலேயே ரெட் ஆக்சைடு பூசுவது கண்துடைப்பு. சதுரக் குழாயின் இரு முனைகளையும் தகடு வைத்து அடைக்கச் சொல்லுங்கள். திறந்திருந்தால் மழைநீர் இறங்கி உள்ளிருந்து அரிக்கும், வெளியே தெரியாது.

கான்ட்ராக்டர்கள் விளையாடுவது குழாயின் தடிமனில். 100க்கு 100 மி.மீ., தடிமன் 4 மி.மீ. உள்ள சதுரக் குழாய், 6 மீட்டர் நீளம் 70 கிலோ இருக்க வேண்டும். 57 கிலோ வந்தால் அது 3.2 மி.மீ. குழாய். சதுர அடி ரேட் பேசியவர் மெல்லியதைத் தருவார். கிலோ ரேட் பேசியவர் தேவையில்லாத இடத்திலெல்லாம் இரும்பைச் சேர்ப்பார். வரைபடத்தில் ஒவ்வொரு உறுப்பின் அளவும் எடையும் எழுதி வாங்கிக்கொண்டு, லாரியை எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள். கட்டடக் குழாய்க்கான ஐ.எஸ். 4923 முத்திரை இல்லாத ஃபர்னிச்சர் குழாய் வேண்டவே வேண்டாம்.

"ஷெட்தானே சார், பிளான் அப்ரூவல் எதற்கு" என்பதும் பொய். எந்தப் பொருளில் கட்டினாலும் கூடுதல் தளத்துக்கு அனுமதி வேண்டும், தளப்பரப்புக் கணக்கிலும் சேரும். அப்ரூவல் விதிகள் பக்கத்து இடைவெளியை அங்குலம் அங்குலமாகப் பேசுகின்றன. ஆங்கர் போல்ட்டை யாரும் வந்து பார்ப்பதில்லை. கட்டட உறுதிக்கு இன்ஜினியரின் கையெழுத்தை நம்பிவிடுகிறது இந்த முறை, அந்தக் கையெழுத்தையோ வீட்டைப் பார்க்காமலே போட்டுத்தர ஆள் இருக்கிறது. கான்ட்ராக்டர் கூட்டிவரும் இன்ஜினியர் வேண்டாம். நீங்களே ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை அமர்த்திக் கட்டணம் கொடுங்கள். குழி தோண்டும்போது ஒருமுறை, ஆங்கர் வைக்கும்போது ஒருமுறை, போர்டு மூடுவதற்கு முன் ஒருமுறை என மூன்று தடவை அவர் நேரில் வர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். கான்ட்ராக்டருக்கான தவணையையும் அந்த மூன்று வருகைகளோடு கட்டிவிடுங்கள்.