டிரெய்னி என்று போட்டிருக்கிறார்கள், திரையில் எப்போது வருவேன்?

கேள்வி: நான் பெங்களூரு அல்சூரில் பிறந்து வளர்ந்தவள், வயது 23. வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம் இரண்டாம் மொழி. இதழியல் முடித்து, ஒரு கன்னடச் செய்தி சேனலின் ஆடிஷனில் தேறிவிட்டேன். கடிதத்தில் 'டிரெய்னி, அவுட்புட் டெஸ்க்' என்று இருக்கிறது. திரையில் வருவது 6 மாதம் கழித்துப் 'பரிசீலிக்கப்படும்' என்கிறார்கள். 2 வருட பாண்ட், இடையில் விலகினால் 2 லட்சம் ரூபாய், ஒரிஜினல் சான்றிதழ்களை ஒப்படைக்க வேண்டும், விலகிய பின் ஒரு வருடம் வேறு சேனலில் சேரக் கூடாது. இதற்கிடையே சென்னைத் தமிழ் சேனல் ஒன்று பெங்களூருக்கு ஸ்ட்ரிங்கர் தேடுகிறது. அப்பாவோ, "செய்தி வாசிக்க ஏஐ வந்தாச்சு, உனக்கு எதுக்கு இது" என்கிறார். நான் என்ன செய்யட்டும்?

பதில்: அவுட்புட் என்று படித்ததும் உங்கள் முகம் சுருங்கியிருக்கும். கன்னட நியூஸ் ரூம்களில் 18 வருடம் இருந்தேன், அதில் பாதிக் காலம் ஆங்கர்களுக்கு ரோஸ்டர் (யாருக்கு எந்த ஷிப்ட் என்ற பட்டியல்) போடும் நாற்காலியில். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: கடிதத்தில் கவலைப்பட வேண்டிய இடம் அது இல்லை.

செய்தியைக் கொண்டு வந்து சேர்ப்பது இன்புட்: நிருபர்கள், அசைன்மென்ட் டெஸ்க், ஓபி வேன் (நேரலை வண்டி) எல்லாம் அந்தப் பக்கம். வந்ததை எழுதி, வரிசை போட்டு, வாய்ஸ் ஓவர் சேர்த்து, பிசிஆருக்கு (ஒளிபரப்பை இயக்கும் கட்டுப்பாட்டு அறை) அனுப்புவது அவுட்புட். ஆங்கர் உட்கார்ந்திருப்பது அவுட்புட்டின் கடைசி முனையில். இரவு 9 மணி முகங்களை யாரும் டிரெய்னியை வைத்து மாற்றுவதில்லை. அவர்கள் ஒப்பந்தமே வேறு. புது முகத்துக்கு இடம் கிடைப்பது விடிகாலை புல்லட்டினில், ஞாயிறு மத்தியானத்தில், யாராவது பக்கத்துச் சேனலுக்குத் தாவும் வாரத்தில். ஒரு மழை நாளில் காலை 6 மணி ஆங்கரின் வண்டி தண்ணீரில் மாட்டிக்கொண்டது. ஹெட்லைன் எழுதிய டெஸ்க் பெண்ணே போய் உட்கார்ந்தார். எழுதியவர் என்பதால் வாசிக்க வரி காட்டும் பிராம்ப்டர் நின்றபோதும் அவர் நிற்கவில்லை. அடுத்த மாத ரோஸ்டரில் நான் அவர் பெயரைப் போட யாரிடமும் சிபாரிசு கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் 'பரிசீலிக்கப்படும்' என்ற சொல்லுக்கு எந்த மதிப்பும் இல்லை. மாதம் ஒரு ஸ்கிரீன் டெஸ்ட், வாரத்துக்கு இத்தனை வாய்ஸ் ஓவர் என்று ஒரு மின்னஞ்சலிலாவது வாங்கிவிடுங்கள். போன வருட டிரெய்னிகளில் எத்தனை பேர் இன்று திரையில் இருக்கிறார்கள் என்பதையும் விசாரியுங்கள். எச்.ஆரிடம் வேண்டாம், கேன்டீனில்.

அடுத்தது மொழி. நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் ஆடிஷனுக்குப் பிறகு உங்களைத் திரையிலிருந்து தள்ளி வைக்கக்கூடியது இதுதான். நமக்கு ஒரே 'த'. கன்னடத்தில் நான்கு. மெல்லிய ஒலியில் 'தன' என்றால் மாடு, அடிவயிற்றிலிருந்து மூச்சு சேர்த்துச் சொன்னால் செல்வம். 'பரிஹார தன' என்றால் நிவாரணத் தொகை. அந்த மூச்சைச் சேர்க்காமல் வாசித்தால் அரசு விவசாயிகளுக்கு மாடு அறிவித்துவிடும்! (தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிகிறது, பாருங்கள். நம் சிக்கலே அதுதான்.) நீங்கள் பேசும்போது இது யாருக்கும் தெரியாது, வாசிக்கும்போது ஸ்டூடியோ மைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆறுதலுக்கு ஒன்று: 'ஹ'வை விழுங்குவது பழைய மைசூர்ப் பக்கத்துக் கன்னடர்களுக்கே உள்ள பழக்கம். 'ஹக்கி' பறவை, 'அக்கி' அரிசி. இரண்டையும் குழப்பி நேயர்களிடம் திட்டு வாங்காத ஆங்கர் குறைவு. இரண்டாம் மொழியாக எழுத்தெண்ணிக் கற்றவர்கள் இந்த இடத்தில் பெரும்பாலும் தவறுவதில்லை. தினமும் கன்னட நாளிதழின் ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசித்து, போனில் பதிந்து, வேறொருவரிடம் கேட்கக் கொடுங்கள். உங்கள் காதை நம்பாதீர்கள்.

இப்போது ஒப்பந்தம். மூன்று ஷரத்துகளும் ஒரே தரம் இல்லை.

விலகிய பின் ஒரு வருடம் வேறு சேனல் கூடாது என்பது வெறும் மிரட்டல். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 27-ன்படி, வேலையை விட்ட பிறகு ஒருவர் பிழைப்பைத் தடுக்கும் ஷரத்து செல்லாது. அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம்.

பாண்ட் அப்படி இல்லை. 'பாண்டெல்லாம் கோர்ட்டில் நிற்காது' என்று நண்பர்கள் சொல்வார்கள், நம்பாதீர்கள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், ஒரு பொதுத்துறை வங்கியின் 3 வருட, 2 லட்சம் ரூபாய் பாண்டைச் செல்லும் என்றே சொன்னது. பொதுத்துறை ஆள் எடுக்கச் செய்யும் செலவையும் அங்கே நீதிமன்றம் கணக்கில் கொண்டது. தனியார் சேனலும் அதே வாதத்தை வைக்க முடியுமா என்பது வழக்கறிஞர் பேச வேண்டிய விஷயம். பிரிவு 74-ன்படி நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும், எழுதிய தொகை அதன் உச்சவரம்பு. அதனால் முழுதாக மறுக்காமல் பேரம் பேசுங்கள்: காலத்தை ஒரு வருடமாக்கச் சொல்லுங்கள், அல்லது வேலை செய்த மாதங்களுக்கு ஏற்பத் தொகை குறைய வேண்டும் என்று கேளுங்கள். சேனலே உங்களை நீக்கினால் பாண்ட் கிடையாது என்ற வரி கட்டாயம் வேண்டும். சேனல்கள் மூடுவதும் நடக்கும். உதயா நியூஸ் 2017-ல் மூடப்பட்டதை இந்த ஊர் பார்த்திருக்கிறது.

ஒரிஜினல் சான்றிதழ் மட்டும் கூடவே கூடாது. காட்டுங்கள், நகல் கொடுங்கள், திரும்ப பையில் போடுங்கள். தொடக்கத்தில் வேலை பார்த்த ஓர் இடத்தில் டிகிரி சான்றிதழைக் கொடுத்துவிட்டு, திரும்ப வாங்க நான் 7 மாதம் அலைந்தேன். இதில் அவர்கள் பிடிவாதம் பிடித்தால் அந்த வேலையே வேண்டாம்.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. 1955-ன் பழைய பத்திரிகையாளர் சட்டம் செய்தித்தாள்காரர்களுக்கானது. பத்திரிகையாளர் என்பதன் இப்போதைய விளக்கத்தில் மின்னணு ஊடகத்தினரும் வருகிறார்கள். நியமனக் கடிதம் உங்கள் உரிமை. பத்திரிகையாளருக்குக் கிராஜுவிட்டி (பணிக்கொடை) 3 வருடத்தில். சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பிடிக்கிறார்களா என்று பாருங்கள்.

சரி, சென்னை சேனல். ஸ்ட்ரிங்கர் என்றால் செய்திக்கு இவ்வளவு என்று கூலி, மாதச் சம்பளம் இல்லை. பெங்களூரிலிருந்து தமிழ் சேனலுக்குத் தினசரிச் செய்தி குறைவு. வரும்போது வெள்ளமாக வரும். 2014 செப்டம்பர் 27 அன்று, பெங்களூரு மத்திய சிறை இருக்கும் பரப்பன அக்ரஹாராவில், தனி நீதிமன்றத்தில் ஜெயலலிதா வழக்கின் தீர்ப்பு. 2016 செப்டம்பரில் காவிரிக் கலவரம், தமிழகப் பதிவெண் பேருந்துகள் எரிந்த நாள். 2021 ஜனவரியில் சசிகலா விடுதலை. அந்த நாட்களில் மைக் பிடித்த பெங்களூருத் தமிழர் எல்லோரும் சாப்பிடக்கூட நேரம் இல்லாமல் லைவில் நின்றார்கள். அதன் பிறகு மாதக்கணக்கில் அவர்களைக் கூப்பிட ஆளில்லை. அதையே நம்பி வாடகை கட்ட முடியாது. ஆனால் அந்தத் தொடர்பை அறுக்காதீர்கள். இரண்டு மொழியிலும் நேரலை பேசத் தெரிந்த ஆள் இந்த ஊரில் அபூர்வம். கன்னட சேனலில் இருந்துகொண்டே ரகசியமாக ஸ்ட்ரிங்கர் வேலை பார்ப்பது மட்டும் வேண்டாம், வேலையில் இருக்கும்போது வேறிடத்தில் வேலை பார்க்கக் கூடாது என்ற ஷரத்து செல்லும்.

அப்பா சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. 2023 ஜூலையில் பவர் டிவி 'சௌந்தர்யா' என்ற ஏஐ ஆங்கரைக் கன்னடத்தில் இறக்கியது. எழுதிக் கொடுத்ததைத் திக்காமல் வாசிக்க மட்டும் தெரிந்த ஆங்கருக்கு அது போட்டிதான். பரப்பன அக்ரஹாராவில் போலீஸ் தடுப்புக்கு இப்பால் நின்றுகொண்டு, உள்ளேயிருந்து துண்டு துண்டாக வரும் தகவலில் எது உறுதி, எது வதந்தி என்று காதில் டாக்பேக் (கட்டுப்பாட்டு அறையின் குரல்) கத்தும்போதே பிரிக்கத் தெரிந்த ஆளுக்கு இல்லை. அந்தப் பழக்கம் வருவது டெஸ்கில். அதனால்தான் முதலில் சொன்னேன், அவுட்புட்டுக்குப் பயப்படாதீர்கள் என்று.

என் யோசனை: சான்றிதழ் ஷரத்தை அடித்து, பாண்டைக் குறைத்து வாங்கிக்கொண்டு கன்னட சேனலில் சேருங்கள். சேர்ந்ததும் யாரும் விரும்பாத விடிகாலை ஷிப்டைக் கேட்டு வாங்குங்கள். 4 மணிக்கு வீட்டு வாசலுக்கு வண்டி வரும் என்பதை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்பாவிடம் காட்டவும் அது உதவும்.